இது யாருடைய கோட்டை?



சேலத்திலிருந்து ஈரோட்டை நோக்கிப் புகைவண்டியில் செல்வோர், மகுடஞ்சாவடியைக் கடந்த சிறிது நேரத்தில், சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் பெரிய மலையொன்றைக் காண்பர். உற்று நோக்கினால் அதன் சரிவில் கோடு இழுத்தாற்போல மதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்வது தெரியும். அதுவே சங்ககிரி. ஒரு திசையிலிருந்து நோக்குவோர்க்குச் சங்கின் வடிவாய்த் தோன்றுவதால் அப்பெயர் வந்தது என்பர். சங்ககிரி துர்க்கம் என்பது பழைய வழக்கு. துர்க்கம் என்றால் எளிதில் நெருங்க முடியாத இடம் என்பது பொருள்.

நான் மல்லசமுத்திரத்துக்காரன். எங்கள் ஊருக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்குள்தான் இந்த மலை இருக்கிறது. அண்மையில் இருக்கும் பொருளை நாம் அறிந்த பொருள் என்று எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரு மாணவன் எனக்குக் கற்பித்தான். அவன் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று நான் தவறான விடை கூறினேன். சரியான விடையைச் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையே இன்று என் பேச்சு.

1986-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது நான் பணியாற்றிய பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரைச் சங்ககிரிக்கு அழைத்துச் சென்றேன். ஆளுக்கொரு புளிச்சோற்றுப் பொட்டலம். நாலைந்து பேருக்கு ஒரு தண்ணீர்க் குடம். மூன்றாவது வாயிலுக்குள் நுழையும்போதே குடங்கள் பாதி காலி. அங்கே நிழலில் அமர்ந்தபோது ஒரு மாணவன், “ஐயா, இது யாருடைய கோட்டை?” என்று கேட்டான்.

“திப்பு சுல்தான் கோட்டை” என்று சொன்னேன். ஊரார் அப்படிச் சொல்லக் கேட்டிருந்தேன். அவன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். நானும் ஒரு கடமையை முடித்தவன்போல எழுந்து நடந்தேன். அதன்பின் அம்மலையில் இன்னொன்றும் நடந்தது. அதனை முடிவில் சொல்கிறேன்.

முதலில் இந்த மலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காவிரி மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஒகேனக்கலில் கீழிறங்கி, மேட்டூரைக் கடந்து, தெற்கு நோக்கி வருகிறது. பவானியில் துணையாற்றைச் சேர்த்துக்கொண்டு, ஈரோட்டின் அருகே தென்கிழக்காகத் திரும்புகிறது. சேலம், நாமக்கல் சமவெளி ஆற்றின் கிழக்கே விரிந்து கிடக்கிறது. கோவை நாடு மேற்கே கிடக்கிறது. இன்றும் ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களுக்கிடையே எல்லையாக ஓடுவது அந்த ஆறே. கிழக்குக் கரைச் சமவெளியில், ஆற்றுத் துறைகளுக்கும் சேலம் செல்லும் வழிக்கும் அண்மையில், சுற்றுநிலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 அடி உயர்ந்து நிற்கிறது சங்ககிரி. படையெடுத்து வருபவன் ஆற்றைக் கடக்கலாம். ஆனால் இம்மலைமேல் இருப்பவன் கண்ணுக்குத் தப்பிக் கடக்க முடியாது. எல்லைப்புறக் கோட்டை என்று நாம் சொல்வதன் பொருள் இதுவே. அரசன் வாழ்வதற்காக எழுந்ததன்று அது. தன் நாட்டின் விளிம்பில் நின்று அயல்நாட்டின் அசைவை அறிவதற்காக எழுந்தது.

மலையின் கீழே இருப்பவை ஊர்கள். எங்கள் ஊர்ப் பெயர் ‘சமுத்திரம்’ என்று முடிகிறது. அவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்களைத் தமிழகமெங்கும் காணலாம். அவை பெரும்பாலும் ஏரியை ஒட்டி எழுந்தவை. கடல் காணாத சமவெளியில் மழைநீரைத் தேக்கி அதற்குக் கடலின் பெயரையே இட்டார்கள் நம் முன்னோர்! அந்த ஏரிப் பாசனத்திலும் மானாவாரிக் காட்டிலும் விளைந்ததில் ஒரு பங்கு வரியாக மேலே சென்றது. கோட்டையில் நின்ற வீரன் உண்டது இந்தச் சோறு. ஆகவே கோட்டையின் வரலாற்றைப் படிக்கும்போது மதிலை மட்டும் பார்த்தல் போதாது. அம்மதிலுக்கு உணவிட்ட வயலையும் பார்த்தல் வேண்டும்.

தமிழர்க்கு அரண் என்பது புதிய பொருள் அன்று. மதிலை வளைத்துப் போரிடுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து காத்து நிற்பதை நொச்சி என்றும் பெயரிட்டு இலக்கணம் வகுத்தது நம் மொழி. திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எவ்வளவு சிறப்புடைய அரணாயினும் உள்ளிருப்போர் செயல் மாட்சி இல்லாதவராயின் அது பயன்படாது என்ற கருத்தோடு அந்த அதிகாரம் முடிகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சங்ககிரியின் கதை முழுவதும் இதற்கு உரை எழுதியது போன்றது.

மலைக்கோட்டை எவ்வாறு இயங்கியது? சங்ககிரியில் ஏறுவதற்குத் தக்க புறம் ஒன்றே. மற்றப் புறங்களில் பாறையே செங்குத்தான மதிலாக நிற்கிறது. எனவே கட்டியவர்கள் தம் உழைப்பையெல்லாம் அந்த ஒரு சரிவில் செலவிட்டனர். அடுக்கடுக்காக மதில், ஒவ்வொரு மதிலுக்கும் ஒரு வாயில். மலைக்கோட்டைகளில் வழியை நேராகச் செல்ல விடுவதில்லை. வளைத்துத் திருப்பியே வாயிலுக்குக் கொண்டுவருவார்கள். வாயிற்கதவை யானை முட்ட வேண்டுமானால் ஓடி வர இடம் வேண்டும். திருப்பத்தில் அந்த இடம் கிடைக்காது. முதல் வாயிலை வென்றவன் களைத்துப் போய் நிற்பான். அவன் தலைக்குமேல் இரண்டாம் மதிலில் களைப்பின்றி ஒரு படை நிற்கும். உச்சிக்குச் செல்லச் செல்ல ஏறுபவன் வலிமை குறையும். காப்பவன் வலிமை குறையாது.

ஆயினும் கல்லால் மட்டும் கோட்டை நிற்பதில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் எந்தக் கோட்டையும் சில நாளில் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். எங்கள் குடங்கள் மூன்றாம் வாயிலில் காலியான கதையைச் சொன்னேன் அல்லவா? நூற்றுக்கணக்கான வீரர்களுக்கும் விலங்குகளுக்கும் யார் குடம் சுமப்பது? அதனால்தான் மலைமேல் பாறைக் குழிவுகளில் மழைநீரைத் தேக்கிச் சுனைகளாக்கினர். தானியம் சேர்க்கக் களஞ்சியமும், வெடிமருந்து வைக்கத் தனிக் கட்டடமும் இருந்தன. கீழே ஏரி, மேலே சுனை. மழையை நம்பி வாழும் இந்நாட்டின் அறிவு இரண்டிலும் ஒன்றுதான்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். இது யாருடைய கோட்டை?

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படை நடத்தினார்; கொங்கு நாடும் விசயநகர ஆட்சியின் கீழ் வந்தது. சங்ககிரியில் அரண் எழுந்தது அவ்வேந்தர் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில் என்பர். 1529-இல் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், அப்பேரரசின் கிளைகள் தனித்தனி மரங்களாயின. தெற்கே மதுரை நாயக்கர், வடமேற்கே மைசூர் உடையார். முன்பு ஒரே பேரரசின் உள்நாடாக இருந்த இப்பகுதி, இப்போது இரண்டு அரசுகளுக்கிடையே எல்லையாயிற்று. நாயக்கர்க்கு அடங்கிய கெட்டி முதலியார்கள் தாரமங்கலத்தையும் அமரகுந்தியையும் இருப்பிடமாகக் கொண்டு இவ்வட்டாரத்தை ஆண்டனர். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் கல் வேலைப்பாட்டைக் கண்டவர்கள் அவர்களை மறக்கமாட்டார்கள்.

17-ஆம் நூற்றாண்டு முழுவதும் மைசூர் படிப்படியாகக் கீழிறங்கி வந்தது. சிக்கதேவராயர் காலத்தில், அதாவது 1673-க்கும் 1704-க்கும் இடையில், சேலச் சமவெளியில் மைசூரின் பிடி உறுதிப்பட்டது. எந்த மைசூரைக் கண்காணிக்க இக்கோட்டை நின்றதோ, அந்த மைசூருக்கே இது காவலாயிற்று. 1761-இல் ஐதர் அலி மைசூரின் ஆட்சியைக் கைக்கொண்டார். அவருக்குப்பின் திப்பு சுல்தான். இப்போது பகைவன் வடமேற்கிலிருந்து வருபவன் அல்லன். கடற்கரையிலிருந்து, கிழக்கிலிருந்து வருபவன். அவன் பெயர் ஆங்கிலேயக் கும்பினி.

1768-இல், முதல் மைசூர்ப் போரின்போது, கர்னல் வுட் என்பவர் தலைமையில் கும்பினிப் படை இச்சமவெளிக்குள் நுழைந்து, கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தது. நாமக்கல் கோட்டையும் அவ்வாண்டு அவர்கள் கைக்கு வந்தது. பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் சிறு சிறு காவற்படையை விட்டுவிட்டு அவர்கள் மேலே சென்றார்கள். அவ்வாண்டின் இறுதியிலேயே ஐதர் அலி பெரும்படையோடு திரும்பிவந்தார். நாமக்கல் உட்படப் பல கோட்டைகள் விரைந்து கைமாறின. அதே மதில், அதே பாறை! சில மாதங்களுக்குள் இரண்டு முறை கைமாறினால் அம்மதிலின் வலிமையைப் பற்றி என்ன சொல்வது? உள்ளே போதிய ஆளும் உணவும் துணையும் இல்லையேல் மதில் வெறுங்கல்லே. வள்ளுவர் அதிகாரத்தின் கடைசிக் கருத்தை இப்போது எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தது. 1792 மார்ச் 18-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கும்பினிக்குச் சென்ற பகுதிகளில் பாரமகாலும் சேலமும் நாமக்கல்லும் சங்ககிரியும் அடங்கும். ஆனால் ஆற்றுக்கு மேற்கே கோவை நாடு திப்புவிடமே இருந்தது. 1792 முதல் 1799 வரை ஏழாண்டுக் காலம் காவிரியின் இக்கரை கும்பினி, அக்கரை மைசூர். ஆற்றின் அக்கரையில் பெண் கொடுத்தவர்களும் இக்கரையில் பெண் எடுத்தவர்களும் ஒரு கையெழுத்தினால் இரண்டு நாட்டாராயினர். சங்ககிரியோ, முன்பு கிழக்கு நோக்கிக் காவல் செய்தது, இப்போது மேற்கு நோக்கிக் காவல் செய்யலாயிற்று. மலை திரும்பவில்லை, அதன்மேல் நின்றவன் கண் திரும்பியது.

இந்த ஏழாண்டுகளில் இன்னொரு பெரிய செயலும் இச்சமவெளியில் நிகழ்ந்தது. புதிதாகக் கிடைத்த நாட்டை நிருவகிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற படைத்தலைவர் அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமசு மன்றோ. அவர்கள் ஊர் ஊராக நிலத்தை அளந்து, உழவனோடு நேரே வரி பேசி முடிக்கும் முறையை வளர்த்தனர். பிற்காலத்தில் இரயத்துவாரி என்று பெயர்பெற்று, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்தது இம்முறையே. மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். வாளால் பிடித்த எல்லையை அளவுச் சங்கிலியால் உறுதிப்படுத்தினார்கள் என்று சொல்லலாம். கோட்டை யார் கையில் என்பது உழவனுக்கு எப்போதும் ஒரே வடிவத்தில்தான் தெரிந்தது. வரி கேட்க வருபவன் யார் என்பதே அது.

வரிப்பணத்தைப் பற்றி மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. கொங்கு நாட்டில் திரட்டிய வரிப்பணத்தை மைசூர் அதிகாரிகள் சங்ககிரி நோக்கிக் கொண்டு சென்றபோது, தீர்த்தகிரி என்னும் இளைஞர் வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தாராம். யார் பறித்தது என்று சொல்வது எனக் கேட்டதற்கு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை பறித்தான் என்று சொல்லுங்கள் என்றாராம். தீரன் சின்னமலை என்று நாடு போற்றும் வீரர் அவரே. 1756-இல் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்தவர். வரிக்காக மைசூரை எதிர்த்தவர் என்று கதை கூறும் அவரே, கும்பினியின் பேராசையை அறிந்தபின் திப்புவுக்குத் துணையாக நின்று போரிட்டார். 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபிறகும் அவர் பணியவில்லை. ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கும்பினிப் படைகளோடு பொருதார். இறுதியில் பிடிபட்டு, 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் உங்களுக்கு எழலாம். அவர் மறைந்த நாள் 1805 சூலை 31 என்று புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் சங்ககிரியில் அவருக்கு வீரவணக்கம் செலுத்துவது ஆடிப் பதினெட்டாம் நாள். அது இப்போது ஆகத்து 2 அல்லது 3-இல் வருகிறதே, எது சரி? இரண்டும் சரியே. நம் தமிழ் ஆண்டு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கில ஆண்டைவிட அது சிறிது நீண்டது. அவ்வேறுபாடு ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகச் சேரும். இருநூறு ஆண்டுக்கு மேலாயிற்று. ஏறக்குறைய மூன்று நாள் தள்ளிப்போயிற்று. இன்றைய ஆகத்து 3-லிருந்து மூன்று நாள் பின்னோக்கிச் சென்றால் சூலை 31 வரும். காவிரியில் புதுவெள்ளம் வரும் பதினெட்டாம் பெருக்கன்று, கரையெங்கும் பெண்கள் ஆற்றை வணங்கிக்கொண்டிருந்த நாளில், இம்மலையில் அத்தூக்கு நிகழ்ந்தது. வரலாற்றில் ஓர் ஐயம் எழுந்தால் அதை விட்டுவிடாமல் கணக்கிட்டுப் பாருங்கள் என்பதற்காகவே இதனை விரித்துரைத்தேன்.

1799-இல் கோவை நாடும் கும்பினியிடம் சென்றது. ஆற்றின் இருகரையும் ஒரே ஆட்சியாயிற்று. எல்லை மறைந்தது, எல்லை மறைந்ததும் எல்லைப்புறக் கோட்டைக்கு வேலையும் மறைந்தது. வென்றவன் ஒரு கோட்டையை இடிக்க வேண்டியதில்லை. எல்லையைத் தள்ளிவைத்துவிட்டாலே போதும், மழையும் ஆலஞ்செடியும் மற்றதைச் செய்துவிடும். 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை சேலம், சங்ககிரி வழியாக ஈரோட்டை அடைந்தது. எத்தனையோ படைகளை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்த எழுந்த மலையை, வண்டி சில நிமிடங்களில் கடந்து சென்றது.

இது நம் மலைக்கு மட்டும் நேர்ந்த நிலை அன்று. சிரியா நாட்டில் ‘கிராக் தெ செவாலியே’ என்றொரு மலைக்கோட்டை உண்டு. சிலுவைப் போர்க்காலத்தில், 1142 முதல் 1271 வரை, ஐரோப்பியத் துறவி வீரர்கள் அதனைத் தம் எல்லைக் காவலாக வைத்திருந்தனர். 1271-இல் பைபார்சு என்ற சுல்தான் அதனைக் கைப்பற்றினார். உள்ளே இருந்த தேவாலயம் மசூதியாயிற்று. உலகெங்கும் எல்லைக் கோட்டைகளின் கதை இவ்வாறு கைமாறும் கதையே. சங்ககிரியில் மலைமேல் பெருமாள் கோயிலும் இருக்கிறது. தஸ்தகீர் தர்காவும் இருக்கிறது. ஒருவர் வந்தபின் மற்றவர் வழிபாட்டிடம் அழிந்துவிடவில்லை. இரண்டையும் நாடி இன்றும் மக்கள் அந்தப் படிகளில் ஏறுகிறார்கள். அதிலே நமக்கு ஒரு பாடம் இல்லையா?

மாணவர்களே, நான் 1986-இல் செய்த இரண்டாவது பிழையை இப்போது சொல்கிறேன். அன்று ஓய்வெடுத்து முடித்து எழுந்தபோது, சில மாணவர்கள் உடைந்த கரித்துண்டாலும் சுண்ணாம்புக் கட்டியாலும் மதிற்சுவரில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தனர். ஒருவன் கூரிய கல்லால் காரைப்பூச்சில் பள்ளியின் பெயரைச் செதுக்கினான். நான் தடுத்தேனா? இல்லை. அருகில் சென்று பார்த்தேன். பள்ளியின் பெயரில் ஓரிடத்தில் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது. “பள்ளியின் பெயரையாவது பிழையின்றி எழுது” என்று சொல்லி அந்த ஒற்றைச் சேர்க்கச் சொன்னேன்! எழுத்துப்பிழையைக் கண்ட கண், எதன்மேல் எழுதுகிறான் என்பதைக் காணவில்லை.

ஓய்வுபெற்ற பின்னர் என் பேத்தியை அழைத்துக்கொண்டு மீண்டும் அம்மலையில் ஏறினேன். கரியெழுத்தும் சுண்ணாம்பெழுத்தும் மழையில் கரைந்துவிட்டிருந்தன. செதுக்கிய எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. நான் சேர்க்கச் சொன்ன ஒற்றும் இருந்தது. அதனைச் சுற்றி, பிற்காலத்தில் வந்தவர்களின் பெயர்கள் நூறு. நாங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதினார்கள் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் எழுதலாம் என்று அந்தச் சுவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கும் அல்லவா? பேத்தி படித்துப் பார்த்து, “தாத்தா, இது நீங்கள் வேலை பார்த்த பள்ளிதானே, யார் இப்படிச் செய்தது?” என்று கேட்டாள். “நான்தான் அம்மா” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்தக் கோட்டை மையத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய சின்னங்களைச் சிதைப்பதைக் குற்றமாக்கியது. 2010-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபின் அக்குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்துக்கு அஞ்சி எழுதாதிருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லையும் காவற்காரர் ஒருவர் காத்து நிற்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் 1768-இல் நாம் கண்ட பாடம் இன்றும் பொருந்தும். மதில் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. உள்ளே வருபவர் எத்தகையவர் என்பதே அதன் காவல்.

2025-இல் நம் செஞ்சிக் கோட்டை, மராட்டியரின் படையரண்கள் என்ற தொகுதியில் மகாராட்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு சேர்ந்து உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. மகிழத்தக்க செய்தி. செஞ்சிக்குக் கிடைத்த புகழ் சங்ககிரிக்கும், ஒற்றைப் பாறைமேல் நிற்கும் நாமக்கல் கோட்டைக்கும் கிடைக்குமா என்று நான் அறியேன். புகழ் வரும்வரை கோட்டை நிற்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. அடுத்த முறை மலையேறும்போது எழுதுகோலைச் சுவருக்கு அன்றி ஏட்டுக்குப் பயன்படுத்துங்கள். ஒரு வாயிலைப் பார்த்து வரையுங்கள். அது எத்திசை நோக்குகிறது, வழி எங்கே திரும்புகிறது என்று குறியுங்கள். சுனையில் எம்மாதத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊர் முதியவர்களிடம் கோட்டையைப் பற்றிய கதைகளைக் கேட்டு, சொன்னவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். கதையைக் கதை என்றும், ஆவணத்தை ஆவணம் என்றும் பிரித்து எழுதுங்கள். கொண்டுபோன குடத்தையும் பொட்டலக் காகிதத்தையும் கீழே கொண்டுவாருங்கள். இவை சிறிய செயல்கள்தாம். ஆனால் அளவுச் சங்கிலியும் குறிப்பேடும் எவ்வளவு பெரிய வேலை செய்தன என்பதை மேலே கண்டோம் அல்லவா?

இது யாருடைய கோட்டை என்று கேட்ட அந்த மாணவன் இப்போது ஐம்பதைக் கடந்தவனாக இருப்பான். இந்தப் பேச்சு அவன் செவிக்கு எட்டுமானால், அவன் தன் குறிப்பேட்டில் எழுதியதைத் திருத்திக்கொள்ளட்டும். விசயநகரத்தார் கட்டினர், நாயக்கர் காத்தனர், மைசூரார் வென்றனர், கும்பினியார் பெற்றனர். இவர்களில் எவரும் அதனை நிலையாக வைத்திருக்கவில்லை. எல்லாக் காலத்திலும் அதற்குச் சோறும் வரியும் உழைப்பும் கொடுத்தவர்கள் கீழே இருந்த ஊரார். அவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். கோட்டை இன்று நம்முடையது; ஆதலால் அதன்மேல் நம் பெயரை எழுத வேண்டிய தேவை இல்லை.